கடப்பாக்கத்து வண்டியின் இடது முன்சக்கரம்

நான் படித்த பாலிடெக்னிக்கின் ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்கள் போன மாதம் வாட்ஸாப்பில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "அக்கா, எண்ணூறு சிசி கார்ல ஆயிரத்து முந்நூறு சிசி எஞ்சின் போட்டா எவ்ளோ ஸ்பீடு வரும்?" கூடவே ஒரு வீடியோ. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு சின்னக் கார் பெரிய கார்களை எல்லாம் முந்திக்கொண்டு போகிறது. ஓட்டுகிற பையன் ஒரு கையில் போன் வைத்திருக்கிறான். அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் என் கண் முன்சக்கரத்துக்குத்தான் போனது. அது சாய்ந்திருந்த விதம் சரியில்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீளமாகிவிட்டது.

எனக்கு வயது முப்பத்திரண்டு. இந்த வயதில் தொழிலிலிருந்து ஓய்வு என்றால் சிரிப்பார்கள். ஒன்பது வருடம் கியர்பாக்ஸ் தாங்கிய வலது தோள்பட்டை போன வருடம் மேலே எழவே மறுத்தது. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இப்போது ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறி செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்துக்குப் போகிறேன். விபத்தில் சிக்கிய வண்டிகளின் சேதத்தை மதிப்பிடும் வேலை. கையில் கிரீஸ் ஒட்டுவதில்லை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிப்ளமோ மூன்று வருடம். வகுப்பில் பெண் நான் ஒருத்தி. என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்து வளர்ந்தவர்கள். மகள் வெயில் படாத வேலைக்குப் போவாள் என்று நினைத்திருந்தார்கள். நான் ஒரு ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் ஒரு வருடம் ஆயில் மாற்றினேன். பிறகு புதுப்பட்டினத்தில் சேகர் அண்ணனின் ஒர்க்ஷாப்பில் சேர்ந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டேன்.

அங்கே எல்லா வேலையும் வரும். ஆனால் பெயர் கிடைத்தது எஞ்சின் மாற்றுவதில்தான். சின்னக் காரின் மூன்று சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, அதே கம்பெனியின் பெரிய காரிலிருந்து நான்கு சிலிண்டர் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஏற்றுவது. எஞ்சினை மாற்றும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பிறகு புது எஞ்சின் எண்ணை வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சியில் ஏற்ற வேண்டும். சேகர் அண்ணன் அந்தக் கடிதம் இல்லாமல் பானெட்டைக்கூடத் திறக்க மாட்டார். "எனக்கு எஞ்சின் தெரியும், கோர்ட்டு தெரியாது" என்பார்.

அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். எவ்வளவு பெரிய தப்போ அவ்வளவு மெதுவாகப் பேசுவார். திட்டு வாங்குவதற்கு நாம்தான் கிட்டே போய்க் காதைக் கொடுக்க வேண்டும். அளவு பார்த்து முறுக்குகிற டார்க் ரெஞ்சை ஒரு துண்டில் சுற்றி மேசை டிராயரில் வைத்திருப்பார். கேட்டால் உடனே தர மாட்டார்.

"இன்னா போல்ட்டு?"

"எஞ்சின் மவுண்ட்டுண்ணா."

"எவ்ளோ?"

"அஞ்சரை கிலோ."

சரியாகச் சொன்னால் துண்டைப் பிரிப்பார். தப்பாகச் சொன்னால் டிராயரை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருகிறவரை வண்டி அப்படியே நிற்கும். நாமும் நிற்க வேண்டியதுதான்.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. எஞ்சின் மாற்றும் வேலைக்கு நான் போட்ட பட்டியலில் எண்பத்தொரு வரிகள். அதை அண்ணன் முதலில் கிண்டல் செய்தார்; பிறகு ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டினார். முறை இதுதான். முறுக்குகிறவர் ரெஞ்சில் 'கிளிக்' சத்தம் கேட்டதும் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். கூட இருப்பவர் அந்த நட்டின்மேல் சிவப்புப் பெயின்டில் ஒரு புள்ளி வைத்து, பட்டியலில் அந்த வரிக்கு டிக் போட வேண்டும். பின்னால் நட்டு நகர்ந்தாலும் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சினைப் பெரிதாக்கினால் எஞ்சினோடு முடியாது என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். ஒருநாள் வேறு எங்கோ எஞ்சின் மாற்றிய கார் ஒன்று "கொஞ்சம் ஆடுது" என்று வந்தது. தூக்கிப் பார்த்தோம். எஞ்சினை ஒருபக்கம் தாங்கிக்கொண்டிருந்தது இரும்புக் கட்டிலின் கால். நீலப் பெயின்டோடு, அடியில் ரப்பர் மூடியோடு, அப்படியே வெல்டிங் வைத்திருந்தார்கள். பிரேக் பழைய சின்ன பிரேக்தான். ஓட்டி வந்தவர் தன் மனைவியையும் கைக்குழந்தையையும் அதில்தான் திருப்போரூர் வரை கூட்டிப் போய் வந்திருந்தார். சேகர் அண்ணன் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, வாசலில் காத்திருந்த மனைவி குழந்தையோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். அன்று முழுக்க இப்படியும் செய்வார்களா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

அம்சா அக்கா வந்தது அதற்கு நான்கு வருடம் கழித்து. கடப்பாக்கத்துக்காரர். வீட்டுக்காரர் ஏழுமலை கடலுக்குப் போகிறவர். இவர் கரையில் இறால் எடுத்து, தன் பழைய வெள்ளைக் காரில் பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டிகளை ஏற்றி, மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குக் காலை எட்டரைக்குள் கொண்டுபோய்க் கொடுப்பார். போகிற வழியில் மகள் மலரைப் புதுப்பட்டினத்துப் பள்ளியில் இறக்கிவிடுவார்.

"நாலு பொட்டி ஏத்துனா வண்டி அழுவுது மா. பாலத்து மேல சைக்கிள்காரன் என்னைய பாத்து சிரிச்சிகினு போறான். இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது."

"பெரிய எஞ்சின் போட்டா பிரேக்கு, ரேடியேட்டரு, ஆக்சில் எல்லாம் மாத்தணும்க்கா. ஆறு நாள் ஆகும்."

"ஆறு நாளு எறால இன்னா என் தலையிலயா தூக்கிகினு போவேன்?" என்றார். பிறகு சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "சரி, நல்லா பண்ணு. எம் பொண்ணு போற வண்டி" என்றார்.

அனுமதிக் கடிதம் வந்தது. வேலை ஆரம்பமானது.

முன்சக்கரத்துக்கு எஞ்சினின் சக்தியைக் கொண்டுபோகும் ஆக்சிலை வெளியே எடுக்க வேண்டுமானால், சக்கரத்தைக் கீழிருந்து தாங்கிப் பிடித்திருக்கும் கையைக் கழற்றியாக வேண்டும். அந்தக் கை சக்கரத்தோடு சேரும் இடம் பால் ஜாயின்ட். அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட், சுண்டுவிரல் பருமன்தான். முறுக்க வேண்டிய அளவு ஆறு கிலோ. என் பட்டியலில் வலப்பக்கத்துக்கு அறுபத்திரண்டாவது வரி, இடப்பக்கத்துக்கு அறுபத்து மூன்றாவது வரி.

ஐந்தாம் நாள் காலை. சக்கரங்கள் கழற்றிய நிலையில் வண்டி ஸ்டாண்டுகள்மேல் நின்றது. வலப்பக்கத்தை அண்ணன் முறுக்கி "ஆச்சு" என்றார்; நான் புள்ளி வைத்து டிக் போட்டேன். இடப்பக்கத்தில் அவர் போல்ட்டைச் செருகி, நட்டை விரலால் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஆர்டிஓ அலுவலகத்திலிருந்து போன். "தோ வரேன்" என்று வெளியே போனார். அதே நேரம் வாசலில் கூலன்ட் கேன் கொண்டுவந்த ஆட்டோ நின்றது. நான் எண்ணி வாங்கப் போனேன். உள்ளே வந்துகொண்டிருந்தவர் ஏழுமலை அண்ணன், கையில் தாம்பாளத்தோடு. புது எஞ்சினுக்குப் பூஜை. எல்லாரும் செய்வதுதான், ஒதுங்கி வழிவிட்டேன்.

பத்து நிமிடம் கழித்து வந்தேன். அவர் பானெட்டில் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். இடப்பக்கத்து பால் ஜாயின்ட் நட்டில் சிவப்புப் புள்ளி இருந்தது. போனை முடித்துவிட்டு வந்து அண்ணனே முறுக்கிப் புள்ளியும் வைத்துவிட்டார் என்று நினைத்தேன். அறுபத்து மூன்றுக்கு டிக் போட்டேன்.

அண்ணன் வந்து கேட்டார்: "லெஃப்ட் பால் ஜாயின்ட்டு?"

நான் வண்டியைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தேன். டிக் இருந்தது.

"ஆச்சுண்ணா" என்றேன்.

நான் முறுக்கிவிட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். சக்கரத்தை மாட்டினோம்.

வண்டியைச் சோதனைக்கு ஓட்டினோம். பிரேக் பிரமாதம், சூடு ஏறவில்லை, கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஆறாம் நாள் அம்சா அக்கா வந்து எடுத்துப் போனார். தெருமுனையில் அவர் கியர் மாற்றிய வேகத்தைப் பார்த்து அண்ணன் விசில் அடித்தார்.

இரண்டு நாள் கழித்து, காலை ஏழேகால் இருக்கும், ஏழுமலை அண்ணன் ஒரு பையில் நண்டோடு ஒர்க்ஷாப்புக்கு வந்தார். வலை வாங்க முதல் பஸ்ஸில் வந்தவர், எங்களுக்காகவும் கொண்டுவந்திருந்தார்.

"இன்னா வண்டி அண்ணாத்த அது! எம் பொண்டாட்டி பாலத்து மேல பஸ்ஸ ஓவர்டேக் பண்ணிட்டு வந்து நாள் பூரா அதே கதைய சொல்லிகினு கீது."

"எல்லாம் நீ வெச்ச பொட்டுதான்யா" என்று சேகர் அண்ணன் கிண்டலாகச் சொன்னார்.

"பின்ன? கடல்ல ஓடுற போட்டுல எஞ்சின எறக்கி ஏத்துனா, கழட்டுன எடத்துக்கெல்லாம் பொட்டு வெக்காம தண்ணியில வுட மாட்டோம். அலை கழட்டிடும்ல? அதே மாரிதான் இங்கியும் வெச்சேன். எஞ்சினுக்கு வெச்சேன், கியர் பொட்டிக்கு வெச்சேன், சக்கரத்துக்குப் பின்னால கை கணக்கா ஒண்ணு கீதே, அதுக்கும் வெச்சேன். நல்லெண்ணெயில கொழச்ச குங்குமம். உப்புத்தண்ணி பட்டாலும் போவாது."

"எந்தப் பக்கம்ணா?" என்றேன்.

"ரைட்டுல முன்னமே செவப்பா ஒண்ணு இருந்துச்சு. நீங்களே வெச்சிட்டீங்கோன்னு வுட்டுட்டேன். லெஃப்ட்டுக்குதான் நான் வெச்சேன்."

நான் சேகர் அண்ணனைப் பார்த்தேன். "இடப்பக்கம் நீங்க முறுக்கினீங்களா?"

"நீதானே ஆச்சுன்ன?"

விரலால் ஏற்றிய நட்டு. இரண்டு நாள். தினமும் கடப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம், திரும்ப. எத்தனை வேகத்தடை என்று என் மூளை அந்த நேரத்தில் எண்ண ஆரம்பித்தது. மணி ஏழு இருபது. அம்சா அக்கா ஏழு மணிக்கே கிளம்பியிருப்பார்.

ஏழுமலை அண்ணன் அழைத்தார். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைப் பின்னால் ஐஸ் பெட்டிமேல் போட்டுவிடுவாராம். மூன்று முறை முழுதாக அடித்து நின்றது. நான்காவது அழைப்பை அவர் கூவத்தூரில் சாலையோரம் மீன் விற்கும் தன் சகலைக்குப் போட்டார்.

"சகல, எங்க வூட்டு வெள்ளக் காரு வரும். நிறுத்து. ஏன் இன்னான்னு கேக்காத. கைய காட்டுனா நிக்காது அது. ரோட்ல எதனா தூக்கிப் போட்டு நிறுத்து!"

சேகர் அண்ணனின் பைக்கில் நானும் அவரும் கிளம்பினோம். ஏழுமலை அண்ணன் ஆட்டோ பிடித்தார். பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளைக் காரையும் பார்த்தேன். கைப்பிடிச் சுவர் என் இடுப்பு உயரம்தான் இருந்தது. கீழே மணல்.

கூவத்தூரில் சாலையின் பாதி வரை மீன் கூடைகள் கிடந்தன. கார் இடப்பக்கம் மண்ணில் இறங்கி நின்றது. அம்சா அக்கா சகலையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்: "குடிச்சிகினு கீறியா காலையிலயே? எறாலு வெயிலுல கெடக்குது!"

அவர் இன்னும் சக்கரத்தைப் பார்க்கவில்லை. கூடைகளைக் கண்டு பிரேக் பிடித்து, மெதுவாக ஓரம் திருப்பியபோது 'டம்' என்று ஏதோ பள்ளத்தில் இறங்கியதாக நினைத்திருக்கிறார். பள்ளம் எதுவும் இல்லை. இடது முன்சக்கரம் கணுக்கால் பிசகியதைப் போல வெளிப்பக்கம் மடங்கிக் கிடந்தது. கார் அந்த மூலையில் தரையைத் தொட்டிருந்தது. இடப்பக்க இருக்கையில் மலர் பள்ளிச் சீருடையில், பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு மண்ணில் முட்டியதால் அவளால் இறங்க முடியவில்லை. அவள் அழவும் இல்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

நான் மண்ணில் படுத்து உள்ளே பார்த்தேன். போல்ட் இல்லை. துளை மட்டும் இருந்தது. துளையின் விளிம்பில் வழிந்திருந்த குங்குமம் பளபளவென்று அப்படியே இருந்தது. உப்புத்தண்ணி பட்டாலும் போகாது என்று அவர் சொன்னது உண்மைதான்.

சேகர் அண்ணன் என் பக்கத்தில் குந்தினார். குரல் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று காதைக் கொடுத்தேன்.

"பொட்டு வெச்சது அந்தாளு. அவரு வாயாலயே சொல்லிட்டாரு. நீ ஒன்னியும் பேசாத, நான் பேசிக்கறேன்."

சக்கரத்தைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு அதிரவில்லை. கட்டில் கால் வைத்துக் கட்டிய வண்டிக்காரரிடம் குனிந்து பேசிய அதே குரல் இது. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குள் ஓர் ஆறுதல் வந்தது. ஒரு மூச்சு நேரம்தான். அதுதான் இன்றும் என்னை உலுக்குகிறது. பழி போக ஓர் இடம் கிடைத்ததும் என் நெஞ்சு லேசானது.

ஆட்டோவிலிருந்து இறங்கிய ஏழுமலை அண்ணன் சக்கரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "என் கையாலயே வெச்சேனே... என் கையாலயே..." கூட்டத்தில் யாரோ, "இன்னா பேஜாருய்யா இது, மிசினுக்குள்ள எல்லாம் எவனாவது பொட்டு வெப்பானா?" என்றார்கள். அம்சா அக்கா கணவனை நோக்கித் திரும்பினார்.

"அக்கா" என்றேன். "அவர் மேல தப்பு இல்ல. பொட்டு இருந்தாலும் இல்லாட்டியும் நான் ரெஞ்ச் வெச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. பாக்காமலே ஆச்சுன்னு சொன்னேன். இந்த போல்ட்ட யாருமே முறுக்கல."

சேகர் அண்ணன் எழுந்து பைக் பக்கம் போனார்.

அம்சா அக்கா கணவனை விட்டுவிட்டு என் பக்கம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"எம் பொண்ணு உக்காந்திருந்த பக்கமா?" என்றார்.

"ஆமாக்கா."

அம்சா அக்கா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, மகளை இந்தப் பக்கமாக இழுத்து இறக்கி, அவள் பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். தட்டிக்கொண்டே இருந்தார். மண் போன பிறகும் தட்டினார்.

இறால் ஷேர் ஆட்டோவில் போனது. காரை இழுத்து வந்தோம். ஆக்சில் உருவிப்போயிருந்தது, பால் ஜாயின்ட் நசுங்கியிருந்தது. எல்லாம் புதிது போட்டு, எண்பத்தொரு வரிகளையும் முதலிலிருந்து செய்தேன். சேகர் அண்ணன் ஒவ்வொரு முறையும் அளவைக் கேட்டுவிட்டு ரெஞ்சைக் கொடுத்தார். அன்று மாலை அவர் சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு மஞ்சள் வாங்கி வந்தார். தப்பு சிவப்பில்தான் இருந்தது என்பது அவர் எண்ணம். கூவத்தூரில் அவர் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்குப் பிறகும் ஐந்து வருடம் அவரிடம்தான் வேலை செய்தேன்.

ஜூனியர்களே, நீங்கள் கேட்ட வேகத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நான் கேட்பது இதுதான்: நீங்கள் போட்ட டிக் ஒவ்வொன்றுக்கும் உங்கள் கை அந்த நட்டைத் தொட்டதா? என் பட்டியல் நன்றாக இருந்தது. அதை நம்பிக் காகிதத்தைப் பார்த்து பதில் சொன்னேன், வண்டியைப் பார்க்கவில்லை.

வண்டியை எடுக்க அம்சா அக்கா தனியாக வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு, "மலரு பஸ்ல போவுது. இந்த வண்டியில ஏறாதுங்குது. நானும் ஏத்த மாட்டேன்" என்றார். பிறகு சொன்னார்: "அந்த சீட்டு காலியா கீது. நாளையிலேர்ந்து நீ உக்காரு."

"எத்தனை நாளைக்குக்கா?"

"நான் சொல்ற வரிக்கும்."

மறுநாள் முதல் பஸ்ஸில் கடப்பாக்கம் போனேன். ஊர்ச்சாலை பிரியும் கூட்ரோட்டில் நின்றேன். கார் வந்து நின்றது, இடப்பக்கம் ஏறினேன். அம்சா அக்கா பாலத்தில் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டினார். கைப்பிடிச் சுவர் என் பக்கத்துக் கண்ணாடியை ஒட்டி ஓடியது. எஞ்சின் துளி நடுக்கமில்லாமல் இழுத்தது. நான் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்திருந்தேன். புதுப்பட்டினத்தில் இறக்கிவிட்டு, "நாளைக்கு" என்று மட்டும் சொன்னார்.

இப்படிப் பதினெட்டு நாள் போனது. ஐந்தாம் நாள் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பத்தாம் நாள் இறாலின் விலையைப் பற்றித் தனக்குத்தானே முணுமுணுத்தார். தினமும் இறங்கியதும் நான் அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்ப்பேன். அவரும் இறங்கி வந்து, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

பத்தொன்பதாம் நாளும் கூட்ரோட்டில் நின்றேன். ஏழு மணிக்கு வெள்ளைக் கார் ஊருக்குள்ளிருந்து வந்து திரும்பியது. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னே போனேன். கார் நிற்கவில்லை. இடப்பக்க இருக்கையில் மலர் இருந்தாள், வாயில் ரிப்பன், இரண்டு கையாலும் சடை பின்னிக்கொண்டு. அம்சா அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கியரை மாற்றிக்கொண்டு வடக்கே போனார்.

அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். நான் அங்கேயே நின்றேன்.